கிரகணத்தின் கணக்குத் தெரிந்த பின்னும் தொழுகை எதற்கு?

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் நம் இளைஞர்கள் மார்க்கம் அறிந்தவர்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது. "சூரிய கிரகணம் எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்த ஊரில் தெரியும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறார்கள். சொன்னபடியே நடக்கிறது. சந்திரன் குறுக்கே வருகிறது, பிறகு விலகுகிறது. இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? தொழுதாலும் விலகும், தொழாவிட்டாலும் விலகுமே!"

இப்படிக் கேட்பவனை அதட்டி உட்கார வைப்போர் உண்டு. அதட்டப்பட்டவன் அதனால் ஈமானில் உறுதி பெறுவதில்லை. அவன் நம்மிடம் கேட்பதை மட்டும் நிறுத்திக்கொள்கிறான். பிறகு ஒரு நாள் பள்ளிவாசலுக்கு வருவதையும் நிறுத்திக்கொள்கிறான். ஆகவே இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்வது ஆலிம்கள் மீதும் ஜமாஅத் பெரியவர்கள் மீதும் உள்ள கடமை என்றே நாம் கருதுகிறோம்.

விஞ்ஞானமும் ஈமானும் ஒரே உள்ளத்தில் வாழ முடியுமா என்று பொதுப்படையாகப் பேசுவது எளிது. பேசியவருக்கு மகிழ்ச்சி, கேட்டவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எனவே பொதுப் பேச்சை விட்டு, கிரகணத் தொழுகை என்னும் ஒரே ஒரு ஸுன்னத்தை எடுத்து வைத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம். கணிதம் தன் முழு வலிமையோடு பேசும் இடமும், மார்க்கம் நம்மை ஸஜ்தாவுக்கு அழைக்கும் இடமும் இங்கே ஒன்றாக இருக்கின்றன. இரண்டும் மோதுமானால் இங்கேதான் மோத வேண்டும்.

மதீனாவின் அந்தக் காலைப் பொழுது

பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அன்னை மாரியா (ரலி) அவர்கள் மூலம் இப்ராஹீம் என்றொரு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு வயதும் நிரம்பாத நிலையில் அந்தப் பச்சிளம் குழந்தை நோயுற்று வஃபாத்தாயிற்று. குழந்தையை மடியில் ஏந்திய நாயகத்தின் கண்கள் நீர் சொரிந்தன. ஏற்கனவே பல பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்த தந்தையின் கண்ணீர் அது.

அதே நாளில் சூரியனைக் கிரகணம் பிடித்தது. மதீனா மக்கள் பேசிக்கொண்டார்கள்: இப்ராஹீம் இறந்ததால்தான் சூரியன் ஒளி இழந்தது என்று. அரபு மக்களிடம் அந்த எண்ணம் முன்பே இருந்தது. பெரிய மனிதர் ஒருவர் இறந்தாலோ பிறந்தாலோ வானத்தில் மாற்றம் நிகழும் என்று அவர்கள் நம்பி வந்தார்கள்.

இந்த இடத்தில் சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். தம்மை நபி என்று பொய்யாக வாதிடும் ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? பேச வேண்டிய அவசியமே இல்லை. மௌனமாக இருந்திருந்தாலே போதும். வானமே அவர் மகனுக்காகத் துக்கம் கொண்டாடியது என்ற செய்தி ஊரெங்கும் பரவியிருக்கும். மகனை இழந்த தந்தையின் உள்ளமும் அதில் ஓர் ஆறுதலைக் கண்டிருக்கக் கூடும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மௌனமாக இருக்கவில்லை. மக்களைத் தொழுகைக்குத் திரட்டி, மிக நீண்ட தொழுகை ஒன்றைத் தொழுவித்து, பின்னர் உரை நிகழ்த்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு என்றும், எவருடைய மரணத்துக்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும், அதைக் காணும்போது தொழுங்கள், துஆ செய்யுங்கள் என்றும் போதித்தார்கள். இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பல வழிகளில் பதிவாகியுள்ளது.

இந்த உரையில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதற்பகுதி மூடநம்பிக்கையை முறிக்கிறது. இரண்டாம் பகுதி வணக்கத்துக்கு அழைக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே நாவிலிருந்து வந்தவை. மூடநம்பிக்கையை மறுக்கிறேன் என்று தொழுகையையும் விடுகிறவர் பாதி ஸுன்னத்தை விட்டார். தொழுகையைப் பற்றிக்கொண்டு மூடநம்பிக்கையையும் வைத்துக்கொள்கிறவர் மற்றப் பாதியை விட்டார். தமக்குச் சாதகமாக வந்த பொய்யையும் ஏற்க மறுத்ததுதான் நபித்துவம். மார்க்கத்துக்குப் பொய்யின் துணை ஒருபோதும் தேவையில்லை என்பதே அந்தக் காலைப் பொழுது நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்.

இமாம் கஸ்ஸாலியின் எச்சரிக்கை

"கிரகணம் எப்படி நிகழ்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்வதை ஏற்பது ஈமானுக்குக் கேடல்லவா?" என்று எதிர்த்திசையிலிருந்து கேட்கும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. இவர்களுக்குப் பதிலை ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஏறத்தாழ ஒன்பதரை நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

கி.பி. 1095ஆம் ஆண்டில் நிறைவு செய்த 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' என்னும் நூலில் தத்துவவாதிகளின் தவறுகளை இமாமவர்கள் ஒவ்வொன்றாக மறுக்கிறார்கள். ஆனால் மறுக்கத் தொடங்குமுன் ஓர் எல்லைக் கோட்டைப் போடுகிறார்கள். சந்திர கிரகணம் என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பூமி வருவதால் நிகழ்கிறது. சூரிய கிரகணம் என்பது பார்ப்பவருக்கும் சூரியனுக்கும் இடையே சந்திரன் வருவதால் நிகழ்கிறது. இதை நாம் மறுக்கப் போவதில்லை என்று எழுதுகிறார்கள். இதை மறுப்பது மார்க்கக் கடமை என்று நினைப்பவர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்றும் கடுமையாகச் சாடுகிறார்கள்.

காரணமும் சொல்கிறார்கள். இவை கணிதத்தாலும் வடிவியலாலும் ஐயமறத் தெளிவானவை. கணக்கைக் கற்று, கிரகணத்தின் நேரத்தையும் அளவையும் முன்கூட்டியே சொல்லத் தெரிந்த ஒருவனிடம் சென்று, 'இது மார்க்கத்துக்கு விரோதம்' என்று சொன்னால், அவன் தன் கணக்கைச் சந்தேகிக்க மாட்டான், மார்க்கத்தைத்தான் சந்தேகிப்பான். முறையறியாமல் மார்க்கத்தை ஆதரிப்பவரால் விளையும் தீங்கு, முறையறிந்து தாக்குபவரால் விளையும் தீங்கைவிடப் பெரிது. இதுவே இமாமவர்களின் கருத்து.

அப்படியானால் தொழச் சொன்ன ஹதீஸை என்ன செய்வது? இமாமவர்கள் அதே இடத்தில் இதையும் எடுத்துப் பேசுகிறார்கள். ஹதீஸில் இருப்பது, எவர் மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்ற மறுப்பும், தொழுமாறு ஏவிய ஏவலும்தான். கணக்குக்கு எதிரான சொல் அதில் எங்கே இருக்கிறது? சூரியன் உச்சி சாய்ந்தால் ஒரு தொழுகையும், மறைந்தால் ஒரு தொழுகையும் ஏவிய ஷரீஅத், கிரகணம் பிடித்தால் ஒரு தொழுகையை ஏவுவதில் வியப்பென்ன என்று கேட்கிறார்கள்.

நம் இளைஞனின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? மஃரிப் நேரம் இன்று எத்தனை மணிக்கு என்று பள்ளிவாசல் சுவரில் தொங்கும் கால அட்டவணையில் அச்சாகி இருக்கிறது. அடுத்த ஆண்டு இதே தேதியில் எத்தனை மணி என்பதும் தெரியும். நேரம் முன்பே தெரிந்துவிட்டது என்பதற்காக மஃரிப் தொழுகை தேவையற்றதாகிவிட்டதா? ஃபஜ்ர், லுஹர், அஸர், இஷா அனைத்துமே கணக்கிடக்கூடிய நிகழ்ச்சிகளோடுதான் பிணைக்கப்பட்டுள்ளன. நம் வணக்கம் எதிர்பாராத அதிர்ச்சிகளின் மீது கட்டப்படவில்லை. சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே இயங்குகின்றன என்று அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் அறிவிக்கிறது. கணக்கு உண்டு என்று குர்ஆன் சொன்ன பின், அந்தக் கணக்கை ஒருவன் கண்டுபிடித்தால் முஃமின் ஏன் கலங்க வேண்டும்?

'தொழுதாலும் விலகும், தொழாவிட்டாலும் விலகும்' என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் உண்டு. கிரகணம் விலகும் வரை தொழுகையிலும் துஆவிலும் இருக்குமாறு ஹதீஸில் வருகிறது. இது நேரத்தின் எல்லை. நோன்பாளி சூரியன் மறையும் வரை நோன்பிருக்கிறார். அவருடைய நோன்பால்தான் சூரியன் மறைந்தது என்று எவரும் சொல்வதில்லை. மரணத்தின் காரணத்தை வைத்தியர் சான்றிதழில் எழுதிக் கொடுக்கிறார். காரணம் தெரிந்துவிட்டதே என்று ஜனாஸாத் தொழுகையை எவரும் விடுவதில்லை. எப்படி நிகழ்ந்தது என்பது ஒரு கேள்வி. அது நிகழும்போது அடியான் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்குக் கணிதம் விடை தரட்டும். இரண்டாம் கேள்விக்கு அது விடை தர முயல்வதும் இல்லை.

அறிவிப்பைத் திருத்திய கணக்கு

கணக்கை மறுக்காமல் இருப்பது மட்டுமல்ல, அதனால் மார்க்க அறிவுக்கு நன்மையும் விளைந்திருக்கிறது. நபிமகனார் இப்ராஹீம் வஃபாத்தானது ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு ரபீஉல் அவ்வல் பிறை 10இல் என்று வரலாற்றாசிரியர் வாகிதீ அறிவித்துள்ளார். ஆனால் சூரிய கிரகணம் சந்திர மாதத்தின் இறுதியில், அமாவாசை நேரத்தில் மட்டுமே நிகழும். பிறை 10இல் சந்திரன் சூரியனை விட்டு வெகு தூரம் விலகி நிற்கிறது. குறுக்கே வர வழியில்லை.

ஹிஜ்ரி 728இல் வஃபாத்தான இப்னு தைமிய்யா அவர்கள் இந்த அடிப்படையிலேயே வாகிதீயின் தேதி தவறு என்று எழுதினார். அவருடைய வேறு பல கருத்துகளில் நம் ஆலிம்களுக்கு மாறுபாடு இருக்கலாம். அது இங்கே பேசவேண்டியதன்று. வானத்தின் வழக்கத்தை அறிந்து ஒரு வரலாற்று அறிவிப்பை எடை போடலாம் என்ற நெறியை அவர் கையாண்டதே நமக்குத் தேவை.

19ஆம் நூற்றாண்டில் எகிப்தின் வானநூல் அறிஞர் மஹ்மூத் பாஷா அல்-ஃபலகீ, பின்னோக்கிக் கணக்கிட்டு, மதீனாவில் அந்தக் கிரகணம் தெரிந்த நாள் கி.பி. 632 ஜனவரி 27 என்று கண்டார். அது ஹிஜ்ரி 10 ஷவ்வால் மாதத்தின் இறுதி. ஹஜ்ஜத்துல் வதாவுக்கு ஏறத்தாழ 40 நாட்களுக்கு முந்தியது. ஸஹாபாக்கள் கண்ணால் கண்டு அறிவித்ததற்கு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த கணக்கு சாட்சி கூறியது. கணக்கை எதிரியாக நினைத்திருந்தால் இந்தச் சாட்சியம் நமக்குக் கிடைத்திருக்குமா?

நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. கி.பி. 929இல் மறைந்த அல்-பத்தானீ, சூரியனின் தோற்ற அளவு கூடிக் குறைவதை அளந்து, நடுவில் இருண்டு விளிம்பில் வளையமாக ஒளிரும் கிரகணமும் நிகழக் கூடும் என்று காட்டினார். கி.பி. 997இல் ஒரே சந்திர கிரகணத்தை குவாரிஸ்மிலிருந்து அல்-பீரூனியும் பக்தாதிலிருந்து அபுல் வஃபாவும் கவனித்து, இரண்டு ஊர்களிலும் நேரம் எவ்வளவு வேறுபட்டது என்பதைக் கொண்டு அவற்றின் தீர்க்கரேகை வித்தியாசத்தைக் கணித்தார்கள். ஓர் ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதன் கிப்லா எந்தத் திசை என்று துல்லியமாகச் சொல்ல முடியும். கிரகணத்தை அளந்த கையும் கிப்லாவைத் தேடிய கையும் ஒன்றாகவே இருந்தன.

மறுபக்கத்துத் தவறு

இதுவரை சொன்னது கணக்கை வெறுப்பவர்களுக்கு. இனி கணக்கின்மேல் அளவுகடந்து ஆசை கொண்டவர்களுக்கும் ஒரு சொல் உண்டு.

நேற்று வெளியான விஞ்ஞானச் செய்தி ஒவ்வொன்றையும் எடுத்து, 'இது குர்ஆனில் அன்றே சொல்லப்பட்டுவிட்டது' என்று பிரசுரம் போடும் பழக்கம் நம்மிடம் வளர்ந்திருக்கிறது. நோக்கம் நல்லதாக இருக்கலாம், விளைவு நல்லதன்று. விஞ்ஞானத்தில் இருவகை உண்டு. ஒன்று, கிரகணத்தின் கணக்கைப் போன்று எத்தனையோ தலைமுறைகள் சோதித்து உறுதியானது. மற்றொன்று, அந்த நிகழ்ச்சிகளுக்குப் பின்னணியாக அறிஞர்கள் அமைக்கும் கோட்பாடு. பின்னது மாறும், மாறுவதே அதன் இயல்பு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) காலத்து வானநூல் பூமியை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கோளங்களை அடுக்கிய கிரேக்க அறிஞர் தாலமியின் நூல். அன்று சிலர் குர்ஆன் கூறும் ஏழு வானங்களையும் அர்ஷ், குர்ஸியையும் அந்தக் கோளங்களோடு ஒன்றுக்கொன்று பொருத்தி விளக்கம் எழுதினார்கள். பின்னர் சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று நிலைநாட்டப்பட்டபோது அந்தக் கோளங்கள் மறைந்தன. அவர்களுடைய விளக்கங்களும் உடன் மறைந்தன. குர்ஆன் அப்படியே நின்றது. இமாமவர்களின் வாதமும் அப்படியே நின்றது. ஏனெனில் அவர்கள் குர்ஆனை எந்தக் கோளத்திலும் கட்டிவைக்கவில்லை. சந்திரன் குறுக்கே வருகிறது என்ற உறுதியான பகுதியை மட்டும் ஏற்றார்கள். அந்தப் பகுதி இன்றும் மாறவில்லை.

கிரகணமே இதற்கு இன்னோர் உதாரணமும் தருகிறது. நியூட்டனின் ஈர்ப்பு விதியே இறுதியானது என்று இரண்டு நூற்றாண்டுகள் நம்பப்பட்டது. 1919 மே 29 அன்று நிகழ்ந்த முழு சூரிய கிரகணத்தின்போது, சூரியனுக்கு அருகே தெரிந்த விண்மீன்களின் ஒளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டீனின் புதிய கோட்பாடு சொன்னதோடு அது ஒத்துப்போவதாக அறிவித்தார்கள். விஞ்ஞானத்துக்கு இது இழுக்கன்று, பெருமை. ஆனால் மாறுவதையே பெருமையாகக் கொண்ட ஒன்றோடு மாறாத வேதத்தை முடிச்சுப் போட்டால், கோட்பாடு மாறும் நாளில் பிரசுரத்தை நம்பிய இளைஞனின் ஈமான் என்னவாகும்? ஈமானுக்கு விஞ்ஞானத்தின் சான்றிதழ் தேவையில்லை. விஞ்ஞானத்துக்கும் நம் ஃபத்வா தேவையில்லை.

அச்சம் என்பது எது?

இப்போது கேள்வியின் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறோம். நேரம் தெரிந்தும் தொழலாம் என்பது சரி. ஆனால் கிரகணத்தின் மூலம் அல்லாஹ் தன் அடியார்களை அச்சமூட்டுகிறான் என்றும் ஹதீஸில் வந்திருக்கிறதே! பெருமானார் (ஸல்) அவர்கள் பதற்றத்தோடு எழுந்து விரைந்தார்கள் என்றும் அறிவிப்பு இருக்கிறதே! இன்ன நிமிடத்தில் தொடங்கி இன்ன நிமிடத்தில் விலகும் என்று அறிந்தவனுக்கு அச்சம் எப்படி வரும்? வராத அச்சத்தை வந்ததாகக் காட்டுவது முகஸ்துதி ஆகாதா?

இக்கேள்வியும் புதிதன்று. ஹிஜ்ரி 702இல் வஃபாத்தான இமாம் இப்னு தகீக் அல்-ஈத் (ரஹ்) அவர்கள் இதை எடுத்துப் பேசியதை, புகாரிக்கு விரிவுரை எழுதிய ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) 'ஃபத்ஹுல் பாரீ'யில் பதிவு செய்திருக்கிறார்கள். கணிதர்கள் சொல்லும் காரணம் இருப்பதால் அச்சமூட்டல் இல்லாமற் போகாது. காரணங்களையும் அவற்றின் விளைவுகளையும் படைத்தவன் அல்லாஹ்வே. வழக்கமாக நிகழ்வனவும் வழக்கத்தை மீறி நிகழ்வனவும் அவன் ஆற்றலுக்குள் அடங்கியவை. இதை அறிந்தவர்களின் உள்ளத்தில் அச்சம் நிலைத்தே இருக்கும் என்பது அவர்கள் விளக்கத்தின் சாரம்.

இதை நம் வாழ்க்கையிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அச்சம் இருவகைப்படும். ஒன்று அறியாமையால் வருவது. இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று அஞ்சுகிறோம். விளக்கை ஏற்றினால் அச்சம் போய்விடுகிறது. அது போகவேண்டிய அச்சம்தான். மற்றொன்று அறிவால் வருவது. கடலை அறியாதவன் அலையைக் கண்டதும் குதிக்கிறான். தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழும் நம் கடற்கரை ஊர்ப் பெரியவர் காற்றின் திசை பார்த்து, பிஸ்மில்லாஹ் சொல்லிக் காலை வைக்கிறார். இருவரில் கடலுக்கு அஞ்சுபவர் யார்? அறிந்தவரே. அடியார்களில் அல்லாஹ்வை அஞ்சுவோர் அறிவுடையோரே என்ற கருத்து ஃபாத்திர் அத்தியாயத்தின் 28ஆம் வசனத்தில் வந்திருப்பதும் கவனிக்கத்தக்கது.

சூரியனின் குறுக்களவு ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். சந்திரனுடையது சுமார் 3,475 கிலோமீட்டர். ஒன்று மற்றொன்றைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. ஏறத்தாழ 400 மடங்கு தூரத்திலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றி, சிறியது பெரியதை மறைக்க முடிகிறது. சந்திரனோ ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் பூமியை விட்டு விலகிச் செல்கிறது. 1969இலிருந்து அங்கே வைக்கப்பட்ட பிரதிபலிப்புக் கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பாய்ச்சி இதை அளந்திருக்கிறார்கள். மிகத் தொலைவான ஒரு காலத்தில் சந்திரன் சூரியனை முழுமையாக மறைக்க முடியாமற் போகும்.

இதைச் சொல்லி நாம் எவரையும் வாதத்தில் மடக்க முயலவில்லை; அப்படி முயன்றால் சற்று முன் கண்டித்த தவற்றையே நாமும் செய்தவர்களாவோம். ஈமான் கொண்டவனுக்கு மட்டும் சொல்கிறோம். நாம் அசையாதது என்று எண்ணி வாழும் பகல் வெளிச்சம் கூட, ஓட்டத்தில் உள்ள பொருள்களின் வரிசையைப் பொறுத்தது. உண்பதும் உழுவதும் வாங்குவதும் விற்பதும் எந்த ஒளியை நம்பி நடக்கின்றனவோ, அந்த ஒளி நண்பகலில் மங்குகிறது. இது மங்கக்கூடியது என்று அப்போதுதான் கண் காண்கிறது. கணக்குத் தெரிந்தவனுக்கு இந்த உண்மை தெரியாதவனைவிட நன்றாகத் தெரியும். சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஸஜ்தா செய்யாதீர்கள், அவற்றைப் படைத்தவனுக்கே ஸஜ்தா செய்யுங்கள் என்ற ஏவலின் பொருள் அவனுக்கு அந்த நேரத்தில் கண்கூடாகிறது. நெற்றியைத் தரையில் வைக்க இதைவிடப் பொருத்தமான நேரம் ஏது?

நம் வீடுகளின் நிலை

இத்தனை தெளிவான மார்க்கத்தைப் பெற்ற நம் வீடுகளில் கிரகண நாளில் நடப்பதென்ன? கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அவள் கத்தியைத் தொட்டால் குழந்தையின் உதடு பிளந்து பிறக்கும் என்கிறார்கள். சமைத்ததைக் கொட்டுகிறார்கள், பசித்தவளுக்குத் தண்ணீரும் மறுக்கிறார்கள். பிறகு அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டால், பழி முழுவதும் தாயின் தலையில் விழுகிறது. இது விளையாட்டான விஷயமன்று. ஒரு பெண்ணின் வாழ்நாள் வேதனை. இதற்கு மார்க்கத்திலும் ஆதாரம் இல்லை, மருத்துவத்திலும் ஆதாரம் இல்லை. கிரகண நேரத்தில் சூரியனிலிருந்து புதிய நச்சுக்கதிர் எதுவும் புறப்படுவதில்லை. தக்க பாதுகாப்பில்லாமல் சூரியனை நேரே பார்த்தால் கண் கெடும். அது எல்லா நாளும் உள்ள ஆபத்துதான்.

மதீனாவின் அந்த நாளில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? அன்னை ஆயிஷா (ரலி) தொழுகையில் நின்றார்கள். அவர்கள் சகோதரி அஸ்மா (ரலி) வந்து, மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க, ஆயிஷா (ரலி) கையால் வானத்தைச் சுட்டிக் காட்டினார்கள். அஸ்மாவும் தொழுகையில் சேர்ந்து, நிலை மிக நீண்டதால் மயக்கம் வரும்போலாகித் தலையில் நீர் ஊற்றிக்கொண்டதாக ஹதீஸில் வருகிறது. அன்று பெண்மக்களின் கை வானத்தைக் காட்டியது. இன்று அதே பெண்மக்களுக்கு ஜன்னலை அடைக்கிறோம். இதில் எது ஸுன்னத் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

நாம் செய்ய வேண்டியது

கிரகணத் தொழுகை ஸுன்னத் முஅக்கதா. பாங்கு, இகாமத் இல்லை. தொழுகைக்குத் திரளுமாறு அழைத்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு ரக்அத்துகள், பூரண முறையில் ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு நிலை, இரண்டு ருகூஉ, பின்னர் குத்பா. ஹனஃபீ மத்ஹபில் வழக்கமான நஃபிலைப் போல் ஒரு ருகூஉ கொண்ட இரண்டு ரக்அத்துகள். ஸதகாவும் இஸ்திஃக்ஃபாரும் துஆவும் இரு மத்ஹபினருக்கும் பொது.

கணக்கு இங்கே நமக்கு உதவியாக வரட்டும். 2010 ஜனவரி 15 அன்று ராமேஸ்வரம், கன்னியாகுமரிப் பகுதிகளில் வளையக் கிரகணம் தெரிந்தது. அது வெள்ளிக்கிழமை, உச்சம் ஜும்ஆ நேரத்திலேயே வந்தது. இரு தொழுகைகளும் ஒன்று சேர்ந்தால், ஜும்ஆவின் நேரம் தவறும் என்ற அச்சம் இல்லாவிடில் விலகிப் போகக்கூடிய கிரகணத்தின் தொழுகையை முற்படுத்துவதும், அச்சம் இருந்தால் ஜும்ஆவை முற்படுத்துவதும் ஷாஃபிஈ ஃபிக்ஹின் மஸ்அலா. நேரத்தை முன்பே அறிந்த இமாம் இதை அமைதியாகத் திட்டமிடலாம். அறியாதவர் அன்று தடுமாறுவார். 2019 டிசம்பர் 26 காலை கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக மற்றொரு வளையக் கிரகணம் சென்றது. இத்தகைய நாட்களுக்கு முந்திய ஜும்ஆவிலேயே நேரத்தை அறிவித்து, கிரகணம் எப்படி நிகழ்கிறது என்பதையும் ஏன் தொழுகிறோம் என்பதையும் மிம்பரிலிருந்தே விளக்கலாம். விஞ்ஞானம் படித்த ஊர் இளைஞனை அழைத்து, பிள்ளைகளுக்குச் சூரியன், பூமி, சந்திரனின் நிலையை வரைந்து காட்டச் சொல்லலாம். பிறகு அவனையும் முதல் ஸஃப்பில் நிறுத்திக்கொள்ளலாம்.

அன்று மேகம் மூடிக் கிரகணம் தெரியாமற் போனால், கணிதரின் சொல்லை மட்டும் கொண்டு தொழுவதில்லை என்று நம் ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். இது கணிதரைப் பொய்யர் என்பதற்காக அல்ல. ஹதீஸில் வந்தது, காணும்போது தொழுங்கள் என்பது. செய்தி கேட்டு எழும் தொழுகை அன்று இது. கண் கண்டு உள்ளம் நடுங்கி எழும் தொழுகை.

சகோதரர்களே! விஞ்ஞானமும் ஈமானும் ஒரே உள்ளத்தில் வாழ முடியுமா என்று கேட்டோம். பொய்யை விரும்பாத உள்ளத்தில் இரண்டும் வாழும். கணக்கை மறைத்து மார்க்கத்தைக் காக்க முயலும் உள்ளத்தில் இரண்டுமே வாழா. கணக்கு மட்டுமே உண்மை என்று நிமிர்ந்து நிற்கும் உள்ளத்தில் ஸஜ்தாவுக்கு இடமிராது. மகனை இழந்த துயரிலும் உண்மையைச் சொல்லி, பின் இரட்சகனை நினைவூட்டிய நபியின் உம்மத் நாம். அவர்களுடைய பாதையில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

அறிந்ததை ஒளிக்காத நேர்மையையும், அறிந்த பின்னும் பணியும் உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.